ஆற்று நீரும் பால் கணக்கும் சொல்லித் தரும் டிஜிட்டல் பாடம்

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், தஞ்சோங் காராங் வட்டாரங்களில் தோட்டத்துப் பிள்ளைகளாக வளர்ந்து எஸ்.பி.எம். முடித்த பலருக்கு 'சிக்னல்' என்றால் கைத்தொலைபேசித் திரையில் தெரியும் கோடுகள்தான். 'டிஜிட்டல் சிக்னல் புராசஸிங்' என்ற முழுப் பெயரைச் சொன்னால், "அது எஞ்சினியர் சமாச்சாரம், நமக்கு எங்கே புரியப் போகிறது?" என்று உடனே ஒதுங்கிக்கொள்வார்கள். கூடுதல் கணிதம் எடுக்காதவர், கலைப்பிரிவில் படித்தவர், குடும்பச் சூழ்நிலையால் படிவம் ஐந்தோடு வேலைக்குப் போனவர் ஆகிய எல்லாரும் இந்தக் கதவு தங்களுக்கு நிரந்தரமாகப் பூட்டப்பட்டு விட்டதாகவே எண்ணுகிறார்கள்.

பொறியியல் பட்டம் என்ற கதவு வேறு. இந்தத் துறையின் அடிப்படைகளைப் புரிந்துகொள்வது என்ற கதவு வேறு. இரண்டாவது கதவுக்குப் பூட்டு கிடையாது. அதன் முதன்மையான கருத்துகள் நான்கைந்துதான். அவை ஒவ்வொன்றும் சிலாங்கூர் ஆற்றங்கரையிலும் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்திலும் கோயில் மேளத்திலும் ஏற்கெனவே இருக்கின்றன.

சமிக்ஞை என்பது என்ன?

நேரம் போகப் போக மாறிக்கொண்டிருக்கும் எந்த அளவும் சமிக்ஞைதான். ஆற்று நீர்மட்டம் ஒரு சமிக்ஞை. ஒருவரின் இதயத்துடிப்பு ஒரு சமிக்ஞை. ஒலிவாங்கியின் முன் பேசும் குரலால் ஏற்படும் காற்றழுத்த மாற்றம் ஒரு சமிக்ஞை. ஒரு பால்வெட்டுத் தொழிலாளி நாள்தோறும் கொண்டுவந்து நிறுக்கும் பாலின் எடைகூட ஒரு சமிக்ஞையே.

அந்த மாற்றத்தைக் குறிப்பிட்ட இடைவெளியில் அளந்து, எண்களாக எழுதி வைத்துக்கொண்டால் அது டிஜிட்டல் சமிக்ஞை. அந்த எண்களைக் கூட்டியும் பெருக்கியும் வேண்டியதைப் பிரித்தெடுத்து, வேண்டாததை நீக்குவதே செயலாக்கம். ஆக, டிஜிட்டல் என்பதற்குக் கணினி கட்டாயம் இல்லை. கணினி இல்லாத காலத்திலேயே கிராணி ஒருவர் பால் எடையை நாள்தோறும் கட்டம் போட்ட புத்தகத்தில் எழுதி வைத்தாரே, அதுவும் டிஜிட்டல் பதிவுதான்.

முதல் பாடம்: எத்தனை முறை அளப்பது?

கோல சிலாங்கூர் ஆற்று முகத்துவாரத்தில் கடல்நீர் ஒரு நாளில் பெரும்பாலும் இருமுறை ஏறி இருமுறை வற்றும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே சராசரியாக 12 மணி 25 நிமிடம். இதனால் இன்று வந்த ஏற்றம் நாளை ஏறத்தாழ 50 நிமிடம் தாமதமாக வரும். படகுக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இந்த விவரம் எதுவும் தெரியாத ஒருவர், தினமும் காலை 7 மணிக்கு மட்டும் படகுத்துறைக்குப் போய் நீர்மட்டத்தை அளந்து குறித்துக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் 7 மணிக்கு நீர் உச்சத்தில் இருக்கிறது. மறுநாள் உச்சம் 7.50-க்குத்தான் வரும் என்பதால், அவர் பார்க்கும்போது நீர் சற்றுக் குறைவாக இருக்கும். அடுத்த நாள் இன்னும் குறைவு. ஏறக்குறைய ஏழு நாள் கழித்து அவர் வரும் வேளையில் நீர் நன்றாக வற்றிக் கிடக்கும். மேலும் ஒரு வாரம் போனால் மறுபடி உச்சம்.

இப்போது அவருடைய புத்தகம் என்ன சொல்லும்? "இந்த ஆற்றில் ஏறத்தாழ பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் நீர் ஏறி வற்றுகிறது" என்று சொல்லும். அவர் பொய் எழுதவில்லை, அளவுகோலும் தவறில்லை. ஒவ்வோர் எண்ணும் உண்மை. ஆனால் முடிவு முற்றிலும் பொய். காரணம், வேகமாக மாறும் ஒன்றை அவர் மிக அரிதாக அளந்துவிட்டார்.

இந்தத் துறையில் இதைப் 'போலி அலை' என்று சொல்லலாம். ஆங்கிலத்தில் இதன் பெயர் அலியாசிங். திரைப்படத்தில் ஓடும் வண்டியின் சக்கரம் சில நேரம் பின்னோக்கிச் சுழல்வதுபோல் தெரிகிறதல்லவா, அதுவும் இதே மயக்கம்தான்.

இதிலிருந்து தப்புவதற்கான விதி எளிமையானது. ஒரு சமிக்ஞையில் உள்ள மிக வேகமான ஏற்ற இறக்கம் எதுவோ, அதன் ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு முறைக்கு மேல் அளக்க வேண்டும். ஹாரி நைக்விஸ்ட் 1928-இல் தந்தித் தொடர்பு பற்றி எழுதிய ஆய்வில் இதன் வித்து இருந்தது. குளோட் ஷானன் 1949-இல் இதைத் தெளிவான தேற்றமாக எழுதினார். அதனால் இருவர் பெயரையும் சேர்த்தே இதைச் சொல்வார்கள்.

இந்த ஒரு விதி தெரிந்தால் நாள்தோறும் பயன்படுத்தும் கருவிகளின் எண்கள் புதிராக இருக்கா. மனிதக் காது அதிகபட்சம் வினாடிக்கு ஏறத்தாழ 20,000 அதிர்வு வரை கேட்கும். அதன் இரு மடங்கு 40,000. இசை வட்டில் வினாடிக்கு 44,100 முறை ஒலியை அளந்து வைத்திருப்பதன் காரணம் அதுதான். வழக்கமான டிஜிட்டல் தொலைபேசி இணைப்பில் 3,400 அதிர்வு வரையிலான பேச்சொலியை மட்டுமே அனுப்புவார்கள். அதன் இரு மடங்கு 6,800. கொஞ்சம் இடம் விட்டு வினாடிக்கு 8,000 முறை அளப்பது வழக்கம். தொலைபேசியில் பாட்டைக் கேட்டால் களை இழந்து ஒலிப்பது ஏன் என்பதற்கும் விடை இங்கேயே கிடைத்துவிடுகிறது.

இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. ஆற்றங்கரை மனிதரின் புத்தகத்தில் போலி அலை ஒரு முறை ஏறிவிட்டால், அந்தப் புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பெரிய கணினியாலும் அதை நீக்க முடியாது. திருத்த வேண்டிய இடம் அளக்கும் இடம்தான்.

மின்மினியும் ஒரு பாடநூல்

இதே விதியை இரவில் பார்க்க விரும்புவோருக்குக் கம்போங் குவாந்தான் இருக்கிறது. சிலாங்கூர் ஆற்றோரத்துப் பெரெம்பாங் மரங்களில் கூடும் மின்மினிகள் தனித்தனியே மின்னாமல், கூட்டமாக ஒரே தாளத்தில் மின்னும். வினாடிக்கு ஏறத்தாழ மூன்று முறை இந்த ஒளி வந்து போகும்.

விதிப்படி இதைப் பதிவு செய்ய வினாடிக்கு ஆறு முறைக்கு மேல் பார்க்க வேண்டும். சாதாரணக் காணொளியில் வினாடிக்கு 30 படங்கள் இருக்கும். ஆகவே ஒரு மின்னலுக்குப் பத்துப் படங்கள் கிடைக்கும், தாராளம். ஒவ்வொரு படத்திலும் மரம் எவ்வளவு பிரகாசமாக இருந்தது என்பதை ஓர் எண்ணாக எழுதினால், மின்மினியின் ஒளி டிஜிட்டல் சமிக்ஞையாகிவிடும். மாறாக, வினாடிக்குச் சரியாக மூன்று படம் மட்டும் எடுத்தால் எல்லாப் படமும் ஒரே மாதிரி இருக்கும். அந்த மரம் மின்னவே இல்லை என்று தோன்றும். இருட்டில் படம் எடுப்பது கைத்தொலைபேசிக்குச் சிரமம்தான். ஒளிவிளக்கைப் போட்டு மின்மினிகளைத் தொந்தரவு செய்வதும் கூடாது. ஆனால் கணக்கின் பொருள் புரிவதற்கு இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும்.

இரண்டாம் பாடம்: எவ்வளவு நுணுக்கமாக அளப்பது?

பால் நிறுக்கும் இடத்தில் தராசு முழுக் கிலோவை மட்டும் காட்டுகிறது என்றால் 20.4 கிலோ என்பது 20 என்றே பதிவாகும். போன 400 கிராம் போனதுதான். புத்தகத்தைப் பிறகு எத்தனை முறை புரட்டினாலும் அது திரும்ப வராது. அரைக் கிலோவுக்கு ஒரு கோடு போட்ட தராசானால் இழப்பு குறையும். நூறு கிராமுக்கு ஒரு கோடு போட்டால் இன்னும் குறையும்.

டிஜிட்டல் கருவியிலும் இதே நிலைதான். அங்கே கோடுகளின் எண்ணிக்கையைப் 'பிட்' கணக்கில் சொல்வார்கள். 8 பிட் என்றால் 256 படிகள். இசை வட்டில் உள்ள 16 பிட் என்றால் 65,536 படிகள். ஒவ்வொரு பிட் கூடும்போதும் படிகள் இரட்டிப்பாகும், பிழை பாதியாகும். படிகளுக்கு இடையில் விழுந்து காணாமல் போகும் சிறு பகுதிதான் மெல்லிய இரைச்சலாகக் காதில் கேட்கிறது. எத்தனை முறை அளப்பது, எவ்வளவு நுணுக்கமாக அளப்பது என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை தெரிந்துவிட்டால், இத்துறையின் முதல் பகுதி முடிந்தது.

மூன்றாம் பாடம்: வடிகட்டி என்பது கூட்டலும் வகுத்தலும்

'டிஜிட்டல் வடிகட்டி' என்ற பெயரைக் கேட்டதும் பலர் பயந்து விடுகிறார்கள். ஒரு வாரப் பால் கணக்கை எடுத்துக்கொண்டால் பயம் தெளிந்துவிடும். திங்கள் 20 கிலோ, செவ்வாய் 22, புதன் மழையால் வெட்டு இல்லை, வியாழன் 21, வெள்ளி 23, சனி 19, ஞாயிறு ஓய்வு. நாளுக்கு நாள் பார்த்தால் எண்கள் மேலும் கீழும் குதிக்கின்றன. மரத்தில் பால் கூடுகிறதா குறைகிறதா என்று சொல்ல முடியவில்லை.

ஏழு நாளையும் கூட்டினால் 105. ஏழால் வகுத்தால் 15. அடுத்த திங்கட்கிழமை 27 கிலோ கிடைத்தால், பழைய திங்களின் 20-ஐ விட்டுவிட்டு 27-ஐச் சேர்க்க வேண்டும். மொத்தம் 112, சராசரி 16. இப்படியே ஒவ்வொரு நாளும் ஒரு நாள் முன்னே நகர்ந்து சராசரி எடுத்துக்கொண்டே போனால் குதிப்புகள் அடங்கி, மெதுவாக நடக்கும் மாற்றம் மட்டும் தெரியும். இதுதான் நகரும் சராசரி. மெதுவான மாற்றத்தை விட்டு, வேகமான மாற்றத்தைத் தடுக்கும் வடிகட்டிகளில் இதுவே மிக எளிமையானது.

இதில் ஒரு சூட்சுமமும் உண்டு. ஏழு நாள் சராசரியில் எப்போதும் ஒரே ஒரு ஞாயிறுதான் இருக்கும். அதனால் வாரம் ஒரு முறை வரும் ஓய்வுநாள் குதிப்பு முழுவதுமாக மறைந்துவிடும். ஐந்து நாள் சராசரி எடுத்தால் மறையாது. எந்த இடைவெளியில் வரும் தொல்லையை ஒழிக்க வேண்டுமோ அந்த நீளத்துக்குச் சராசரி எடுக்க வேண்டும் என்பது இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

ஆனால் எதற்கும் ஒரு விலை உண்டு. ஏழு நாள் சராசரி சொல்லும் செய்தி மூன்று நாள் பழையது. அதிகமாகச் சமன் செய்தால் அதிகமாகத் தாமதமாகும். வெள்ள எச்சரிக்கைக்கு நீர்மட்டத்தை அளப்பவருக்கு இந்தத் தாமதம் ஆபத்து. ஆண்டுக் கணக்குப் பார்ப்பவருக்குப் பெரிதல்ல.

சராசரிக்கு நேர் எதிரானது கழித்தல். இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்துக்கொண்டே போனால் 2, கழித்தல் 22, 21, 2, கழித்தல் 4, கழித்தல் 19 என்று வரும். மழை நாளும் ஓய்வு நாளும் உரக்கக் கத்துகின்றன, மற்றவை அடங்கிவிடுகின்றன. இது திடீர் மாற்றத்தை மட்டும் விடும் வடிகட்டி.

தென்னையைத் தாக்கும் சிவப்புக் கூன்வண்டின் புழு தண்டுக்குள் இருந்து குடையும்போது வெளியே எதுவும் தெரியாது. மலேசியாவில் இந்த வண்டின் தாக்குதல் 2007-இல் திரெங்கானுவில் கண்டறியப்பட்டது. மரத்தில் ஒலியுணரியைப் பொருத்தி, புழு கடிக்கும் ஓசையைக் கேட்டுப் பிடிக்கும் ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. காற்றின் இரைச்சல் பெரும்பாலும் தாழ்ந்த சுருதியில் இருக்கும். கடிக்கும் ஓசை சிறு சிறு வெடிப்பாக அதற்கு மேலே இருக்கும். தாழ்ந்ததைத் தடுத்து மேலே உள்ளதை விடுவதுதான் முதல் வேலை. கழித்தல் கணக்கின் வளர்ந்த வடிவம் அது.

வடிகட்டி எவ்வளவு பெரியதானாலும் உள்ளே நடப்பது எண்களைக் குறிப்பிட்ட அளவுகளால் பெருக்கிக் கூட்டுவதே. செவித்துணைக் கருவியிலும் சரி, கோயில் திருவிழா ஒலிபெருக்கியின் சமன்படுத்தியிலும் சரி, அதே பெருக்கலும் கூட்டலும்தான் வினாடிக்குப் பல்லாயிரம் முறை நடக்கின்றன.

நான்காம் பாடம்: கலந்ததைப் பிரிப்பது

ஆற்று ஏற்றத்தில் நிலவின் இழுப்பு 12 மணி 25 நிமிடத்துக்கு ஒரு முறையும், சூரியனின் இழுப்பு 12 மணிக்கு ஒரு முறையும் வருகிறது. இரண்டும் சேர்ந்து ஒத்து இழுக்கும் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பெரும் ஏற்றம். ஒன்றுக்கொன்று மாறாக இழுக்கும்போது சிறு ஏற்றம். ஆனால் அளவுகோலில் தெரிவது இரண்டும் கலந்த ஒரே நீர்மட்டம்தான். கலந்த பிறகு எது யாருடையது என்று எப்படிப் பிரிப்பது?

லயத்து வீட்டில் தூளி ஆட்டிய எவருக்கும் விடை தெரியும். தூளிக்கென்று ஒரு தாளம் இருக்கிறது. அதே தாளத்தில் மெல்லத் தள்ளினால் ஒவ்வொரு தள்ளலும் சேர்ந்து தூளி நன்றாக ஆடும். வேறு தாளத்தில் தள்ளினால் ஒரு தள்ளல் கூட்ட, அடுத்த தள்ளல் குறைக்க, தூளி நிற்கும் இடத்திலேயே நிற்கும்.

எண்களிலும் இதையே செய்யலாம். சந்தேகப்படும் தாளத்தில் ஒரு சைன் அலையை எழுதி, அளந்த எண்களோடு ஒவ்வொன்றாகப் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். அந்தத் தாளம் உள்ளே இருந்தால் கூட்டுத்தொகை பெரிதாகும். இல்லையென்றால் கூடுவதும் குறைவதும் ஒன்றை ஒன்று தின்று பூஜ்யத்தை நெருங்கும். அலை தொடங்கும் நேரம் தெரியாததால் சைனோடும், கால் சுற்றுத் தள்ளிய கொசைனோடும் இரண்டு முறை செய்து பார்ப்பார்கள். ஃபூரியர் உருமாற்றம் என்ற பெரிய பெயருக்குப் பின்னால் இருப்பது இவ்வளவுதான்.

ஜோசப் ஃபூரியர் பிரான்சில் ஒரு தையல்காரரின் மகன். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்தவர். எந்த வடிவ மாற்றத்தையும் சைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்று 1807-இல் அவர் சொன்னபோது பெரிய கணித மேதைகளே ஏற்கத் தயங்கினார்கள். 1822-இல் அது நூலாக வந்தது. அதே நூற்றாண்டில் வில்லியம் தாம்சன் என்ற கெல்வின் பிரபு, கடல் ஏற்றத்தைத் தனித்தனி அலைகளாகப் பிரித்து, 1870-களின் தொடக்கத்தில் சக்கரங்களும் கப்பிகளும் கொண்ட ஓர் இயந்திரத்தால் வரப்போகும் ஏற்றத்தை முன்கூட்டியே வரைந்து காட்டினார். இன்று மலேசியத் துறைமுகங்களுக்கு வெளியிடப்படும் ஏற்றவற்ற அட்டவணையும் இதே கருத்தின்மேல் நிற்கிறது.

இந்தப் பெருக்கல் முறைக்கு ஒரு குறை இருந்தது. 1,024 எண்களை முழுமையாகப் பிரித்துப் பார்க்கப் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெருக்கல் தேவைப்படும். ஜேம்ஸ் கூலி, ஜான் டூக்கி இருவரும் 1965-இல் வெளியிட்ட குறுக்குவழி இதைச் சில பத்தாயிரங்களுக்குள் கொண்டுவந்தது. ஜெர்மானியக் கணித மேதை காவுஸ் 1805 வாக்கிலேயே இதைக் கண்டிருந்தார் என்பது பிறகு தெரியவந்தது. டூக்கி முதலில் படித்துப் பட்டம் பெற்றது வேதியியலில் என்பது இங்கே நினைவுகொள்ளத்தக்கது.

கணக்குப் பிரிவிலிருந்து மிருதங்கம் வரை

தமிழ் மண்ணிலும் இதற்கு உதாரணம் உண்டு. திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. ராமன் இயற்பியலில் முதுகலை பெற்றவர்; பொறியியலாளர் அல்லர். 1907 முதல் 1917 வரை கல்கத்தாவில் மைய இடமாகக் கொண்டு அரசாங்க நிதித்துறையில் கணக்கு அதிகாரியாக வேலை பார்த்தார். அலுவலக நேரம் போக மீதி நேரத்தில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் ஒலியையும் இசைக்கருவிகளையும் ஆராய்ந்தார்.

சாதாரணத் தோல் மேளத்தில் எழும் அதிர்வுகள் ஒன்றுக்கொன்று முழு எண் விகிதத்தில் இருப்பதில்லை. அதனால் தப்பின் ஓசையில் தாளம் இருக்கும். தெளிவான சுருதி இருக்காது. மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே கறுப்புச் சாந்து பூசியிருப்பதால் அந்த அதிர்வுகள் முழு எண் மடங்குகளுக்கு வந்துவிடுகின்றன. ஆகவே அது தம்புராவோடு சேரும் சுருதியைத் தருகிறது. இதை எஸ். குமாருடன் சேர்ந்து 1920-இல் நேச்சர் இதழில் ராமன் எழுதினார். பிறகு 1930-களில் விரிவாக ஆராய்ந்தார்.

அன்று அவருக்குக் கடினமாக இருந்த சோதனையை இன்று கோயிலில் நிற்கும் ஓர் இளைஞரே செய்யலாம். கைத்தொலைபேசியில் மிருதங்கத்தின் ஓர் அடியையும் தப்பின் ஓர் அடியையும் பதிவு செய்து, ஆடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, அலைவரிசை வரைபடத்தைப் பார்த்தால் போதும். ஒன்றில் மேடுகள் சம இடைவெளியில் நிற்கும். மற்றதில் தாறுமாறாக நிற்கும்.

எப்படித் தொடங்குவது?

தொடங்குவதற்கு வேண்டிய கணிதம் பலர் நினைப்பதைவிடக் குறைவு. கூட்டல், பெருக்கல், பின்னம், வரைபடம், சைன் அலையின் வடிவம் ஆகியவை போதும். சைன் வரைபடம் கூடுதல் கணிதத்துக்கு மட்டும் சொந்தமானதல்ல. படிவம் ஐந்தின் சாதாரணக் கணிதத்திலேயே அது இருக்கிறது. டெசிபல் கணக்குக்கு மடக்கை பிறகு வேண்டும். பலரை விரட்டியடிக்கும் சிக்கலெண்களைக் கடைசியாகப் பார்த்துக்கொள்ளலாம்.

இந்த வரிசையில் எழுதப்பட்ட நூல்களும் உண்டு. ஸ்டீவன் ஸ்மித் 1997-இல் வெளியிட்ட 'தி சயின்டிஸ்ட் அண்ட் எஞ்சினியர்ஸ் கைட் டு டிஜிட்டல் சிக்னல் புராசஸிங்' சிக்கலெண்களைக் கடைசிப் பகுதிக்குத் தள்ளிவிட்டு, அடிப்படைகளைச் சொற்களாலும் படங்களாலும் விளக்குகிறது. இணையத்தில் அதை இலவசமாகப் படிக்கலாம். ஆலன் டவுனியின் 'திங்க் டி.எஸ்.பி.' பைத்தான் நிரலையே பாடமாக வைத்துக் கற்பிக்கிறது, அதுவும் இலவசம். விரிவுரையாகக் கேட்க விரும்புவோருக்கு இந்திய ஐ.ஐ.டி.க்களின் என்.பி.டி.இ.எல். பாடங்கள் இருக்கின்றன.

முதலில் நூலைத் திறக்காமல், ஓர் எண் பட்டியலைத் திறப்பது நல்லது. போர்ட் கிள்ளான் நீர்மட்டத்தை மணிக்கு மணி ஒரு மாதத்துக்குக் கணினி விரிதாளில் ஏற்றலாம். அதிலிருந்து காலை 7 மணி எண்ணை மட்டும் எடுத்து வரைந்தால் போலி அலை கண்ணெதிரே வரும். 25 மணி நேரச் சராசரி எடுத்தால் ஏற்றவற்றம் ஏறக்குறைய மறைந்துவிடும். 12 மணி 25 நிமிட சைனோடும் கொசைனோடும் பெருக்கிக் கூட்டினால் நிலவின் பங்கு வெளிப்படும். இந்த மூன்று பயிற்சியையும் தானே செய்து முடித்தவருக்குப் பிறகு எந்த நூலும் அந்நியமாக இருக்காது. தீபகற்ப மலேசியாவின் நில உயரங்களுக்கான அடிப்படைகூட, போர்ட் கிள்ளானில் 1984 முதல் 1993 வரை அளந்த கடல்மட்டத்தின் பத்தாண்டுச் சராசரிதான். அதுவும் ஒரு நீண்ட வடிகட்டியே.

தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உண்மையான தடை கணிதத்தைவிட மொழியாகவே இருக்கிறது. தொடக்கப்பள்ளி தமிழில், இடைநிலைப்பள்ளி மலாயில், தொழில்நுட்ப நூல் ஆங்கிலத்தில் என்று மூன்று முறை சொற்கள் மாறுகின்றன. ஒரு சிறு புத்தகத்தில் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்வது பெரிய உதவி. சமிக்ஞை என்றால் மலாயில் இஷாராட், ஆங்கிலத்தில் சிக்னல். அதிர்வெண் என்றால் பிரெக்குவென்சி. வடிகட்டி என்றால் பெனூராஸ், பில்டர். இரைச்சல் என்றால் ஹிங்கார், நாய்ஸ். முப்பது சொற்கள் சேர்ந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

எது கிடைக்கும், எது கிடைக்காது?

இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்படிக் கற்றவர் பொறியியலாளர் ஆகிவிட மாட்டார். மலேசியாவில் அதற்கு அங்கீகாரம் பெற்ற பட்டமும், 1967-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த பொறியியலாளர் வாரியத்தில் பதிவும் வேண்டும். சில மாதப் படிப்பைக் காட்டி வேலை கேட்டால் உடனே கிடைத்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

ஆனால் ஒலிப்பதிவு செய்பவர், மருத்துவமனைக் கருவிகளைப் பராமரிக்கும் உதவியாளர், தொழிற்சாலையில் இயந்திர அதிர்வைக் கவனிக்கும் தொழிலாளி, நீர்மட்டக் கருவியைப் பார்த்துக்கொள்ளும் பணியாளர் ஆகியோர் தினமும் கையாள்வது இந்த நான்கு பாடங்களைத்தான். எண் ஏன் அப்படி வந்தது என்று தெரிந்து வேலை செய்பவரும், பொத்தானை மட்டும் அழுத்துபவரும் ஒரே இடத்தில் நீண்ட நாள் நிற்கமாட்டார்கள். முன்னவருக்குப் பட்டயப் படிப்போ பகுதிநேரப் படிப்போ பின்னர் வாய்த்தால், அவர் வெறுங்கையோடு வகுப்புக்குள் நுழையமாட்டார்.

பெற்றோரும் ஆலய, சமூக மன்றப் பொறுப்பாளர்களும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஒரு பழைய கணினி, வாரத்தில் இரண்டு மாலை நேரம், சேர்ந்து உட்கார நான்கைந்து பிள்ளைகள் இருந்தால் இதைத் தொடங்கிவிடலாம். கட்டணம் இல்லை, நுழைவுத் தகுதியும் இல்லை.

"உனக்கு வராது" என்று ஒரு பிள்ளையைப் பற்றி முடிவு கட்டுவதும், ஆற்றை நாளுக்கு ஒரு முறை பார்த்துவிட்டு அது பதினைந்து நாளுக்கு ஒரு முறைதான் ஏறும் என்று எழுதி வைப்பதும் ஒன்றுதான். ஒரு தேர்வின் ஒரு நாள் மதிப்பெண் பொய்யாக இல்லாமல் இருக்கலாம். அதிலிருந்து எடுத்த முடிவு பொய்யாக இருக்கலாம். இன்னும் சில முறை அளந்து பார்ப்பதற்குப் பிள்ளைக்கும் பெற்றோருக்கும் வாய்ப்பு இருக்கிறது. அதைப் பயன்படுத்திக்கொள்வது அவர்கள் கையில்தான் உள்ளது.